டிரையரில் வெந்த போன்

மீனம்மாவின் பிள்ளையைப் புதைத்த மூன்றாம் நாள் எங்கள் லயத்துப் பைப்பில் மயிர் வந்தது.

கறுப்பு மயிர். ஊசி மாதிரி விறைப்பாக, அடியில் துண்டுத் தோலோடு. அரிசி களைந்துகொண்டிருந்த பொம்பளை அதை விரலில் தூக்கிப் பார்த்துவிட்டுப் பைப்படியிலேயே வாந்தி எடுத்தாள். பத்து நாளாகவே தண்ணியில் ஒரு வாடை இருந்தது. மழைக்காலத்தில் மண் தண்ணி அப்படித்தான் வரும் என்று தோட்டத்து டிஸ்பென்சரி ஐயா சொல்லியிருந்தார். நாங்களும் தலையாட்டினோம். தலையாட்டுவதில் எங்களை மிஞ்ச ஆளில்லை.

ராகலையிலிருந்து உடப்புசல்லாவைக்குப் போகிற பாதையில் இறங்கி நடந்தால் எங்கள் தேயிலைத் தோட்டம். கீழ் டிவிசனில் எங்கள் லயம், வரிசையாக ஒட்டிக் கட்டிய இருபத்து நாலு காம்பரா, குடும்பத்துக்கு ஒரு அறை. அத்தனைக்கும் மலை உச்சியில் இருக்கிற ஒரே சிமெந்துத் தொட்டியிலிருந்துதான் தண்ணி. தொட்டியைப் பார்க்கிற வேலை பழனியாண்டிக்கு. என் பெண்சாதி நாகலெட்சுமியின் கூடப்பிறந்த அண்ணன், எனக்கு மச்சான். மண் கொத்தாமல், கொழுந்துச் சாக்கு சுமக்காமல், காலையில் ஒருதரம் ஏறி வால்வைத் திறந்து சாயந்தரம் ஒருதரம் ஏறி மூடுகிற வேலை. அந்த வேலைக்காக அவர், தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்கிற கண்டாக்கையாவுக்குப் போட்ட கும்பிடு அளவுக்கு எங்கள் மாரியம்மனுக்கு யாரும் போட்டதில்லை.

மயிர் வந்த அன்றைக்கு, வெள்ளிக்கிழமை, ஆம்பளைகள் எல்லோரும் மலை ஏறினோம். தொட்டிக்கு மூடியாகப் போட்டிருந்த தகரம் ஒரு மூலையில் மடங்கி உள்ளே சரிந்திருந்தது. அதை இழுத்ததும் வந்த நாற்றத்தில் இரண்டு பேர் திரும்பி இறங்கிவிட்டார்கள். உள்ளே காட்டுப்பன்றி. வயிறு பானை மாதிரி ஊதிக் கிடந்தது. கயிறு மாட்டி இழுத்தால் ஒரு கால் தனியாகக் கழன்று கயிற்றோடு வந்தது. தோல் வாழைப்பட்டை மாதிரி உரிந்து மிதந்தது. கண் இருந்த இடத்தில் புழு. இந்தத் தண்ணியில்தான் சோறு வடித்தோம். மீனம்மாவின் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு கண்டபோது டிஸ்பென்சரியில் கொடுத்த உப்புத்தூளையும் இதில்தான் கரைத்தாள்.

மீனம்மா என் தங்கச்சி. பிள்ளை தனுஷிகாவுக்கு ஒரு வயதும் இரண்டு மாதமும். நாலு நாள் வாயாலும் வயிற்றாலும் போய், ஐந்தாம் நாள் துணி மாதிரித் துவண்டு செத்தது. டிஸ்பென்சரி ஐயா எழுதிய காகிதத்தில் ‘தாய் சுத்தமில்லாமல் உணவு கொடுத்ததால்’ என்று இருந்தது. அதைக் கேட்ட நாளிலிருந்து அவளுடைய மாமியார்க்காரி, ‘பெத்த புள்ளைய நாறடிச்சுக் கொன்னவ’ என்று வாசலில் நின்று சொல்ல ஆரம்பித்தாள். புருசன் சிவசாமி வாயைத் திறக்கவில்லை. அடுத்த வியாழக்கிழமை சுகாதாரப் பகுதியிலிருந்து ஒரு அதிகாரி வந்து விசாரிப்பார், அவர் கையெழுத்துப் போட்டதும் அந்தக் காகிதம் முடிந்த முடிவு என்றார்கள். அப்புறம் அவள் எங்கே போனாலும் அந்தப் பெயர்தான்.

பன்றியைப் பார்த்ததும் எனக்கு அதுதான் தோன்றியது. காமிரா வைத்த போன் எங்கள் லயத்தில் ஒரே ஆளிடம்தான் இருந்தது.

“மச்சான், போனை எடுங்க. இதைப் படம் பிடிங்க.”

“எதுக்கு மாப்ள இந்தக் கண்றாவிய?”

“பிடிங்கன்னா பிடிங்க!”

சுற்றி நின்றவர்களும் சத்தம் போட்டார்கள். பழனியாண்டி மூன்று படம் எடுத்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு. மறுபடி குனிந்து கயிற்றை மாட்டும்போது சட்டைப் பையிலிருந்த போன் நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. அந்தக் கூழுக்குள் கையை விட்டுத் தேடி எடுத்தார். அரைமணி நேரத்தில் கண்டாக்கையா வந்தார். தோட்டத்து வேலையெல்லாம் அவர் சொன்னபடிதான். வந்தவர் பத்தடி தள்ளி, கைலேஞ்சியை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றார்.

“நேத்து ராவு விழுந்திருக்கும். பொதைச்சுப்புட்டு தொட்டிய ஒரைச்சுக் கழுவுங்க. வெள்ளைப் பவுடர் அனுப்புறேன்.”

“நேத்து விழுந்த பன்னிக்குக் கால் கழலுமாங்க ஐயா?” என்றேன்.

“தண்ணியில ஊறுனா கழலும். நீ டிரையர்காரன்தானே? போயி டிரையரைப் பாரு.”

வீட்டுக்கு வந்து மூன்று தரம் சோப்புப் போட்டேன். நாகலெட்சுமி வெந்நீர் ஊற்றினாள். பள்ளத்தில் மூங்கில் குழாய் வைத்து ஊற்றுத் தண்ணி விழுகிற பீலி ஒன்று உண்டு. கொஞ்ச நாளாக அவள் அங்கேதான் போய்த் தண்ணி தூக்கிவந்தாள். பைப் தண்ணியில் துணி மஞ்சளாகிறது என்றாள். மழையில் சறுக்குகிற பாதை, அரை மைல். இவளைப் போல உடம்பு வணங்கி வேலை செய்கிறவள் இந்த லயத்தில் இல்லை என்று நான்கூட நாலு பேரிடம் பீற்றியிருக்கிறேன்.

சாயந்தரம் பழனியாண்டி போனைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். திரையில் ஒன்றும் இல்லை.

“மாப்ள, டிரையர்ல ஒரு தடவ காட்டித் தாங்களேன். கொழுந்தியா கொழும்புலருந்து குடுத்தனுப்புன போனு.”

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பதினாறு வருசமாகப் பேக்டரியில் நான் பார்க்கிற வேலை அதுதான். அரைத்து ஈரமாக வருகிற கொழுந்து டிரையருக்குள் போய் இருபது நிமிசத்தில் மொறமொறவென்று வெளியே வருகிறது. மழைக்காலத்தில் எங்கள் சட்டை, சப்பாத்து, கோயில் கொடி, ஒரு தடவை கணக்கப்பிள்ளையின் கல்யாணப் பத்திரம் வரை அங்கேதான் காய்ந்திருக்கிறது. சட்டையை டிரையரின் மேல் போட வேண்டும், உள்ளே விடக்கூடாது என்ற வித்தியாசம் எனக்குத் தெரியும். ஆனால் போனுக்குள் போன தண்ணி மேலே வைத்தால் காயாது என்று நானாக நினைத்துக்கொண்டேன். சனிக்கிழமை முதல் ஈடு கொழுந்தோடு தட்டில் வைத்து உள்ளே விட்டேன்.

இருபது நிமிசம் கழித்து அது வெளியே வந்தபோது வெயிலில் கிடந்த தவளை மாதிரி இருந்தது. முகம் சுருங்கி, பொத்தான்கள் ஒன்றோடொன்று ஒட்டி, முதுகு வீங்கி. நல்ல காலம், பெட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் வைத்திருந்தேன். தூள் முழுக்கப் பிளாஸ்டிக் நாற்றம். பேக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் ஓடிவந்து ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தார். என் அம்மாவையும் அவளுடைய அம்மாவையும் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொன்னார். பிறகு அந்தத் தூளை ஒரு மூலையில் குவிக்கச் சொன்னார். கொட்டிவிடுவார்கள் என்று நினைத்தேன். இல்லை. மாதக் கடைசியில் எங்களுக்குக் கொடுக்கிற தூளில் கலந்தார்கள். அடுத்த மாதம் முழுக்க எங்கள் லயத்துத் தேத்தண்ணி போன் வாசம் அடித்தது.

பழனியாண்டி போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை.

“போனா போகுது மாப்ள. விதி. வுட்டுருங்க.”

அந்தப் பெருந்தன்மையைக் கண்டு எனக்குக் கண் கலங்கியது. அதை நினைத்தால் இப்போதும் காறித் துப்பத் தோன்றுகிறது.

மீனம்மாவிடம் போய்ச் சொன்னேன். அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளையின் பால் போத்தல் இன்னும் கல்லின் மேல் கவிழ்த்து வைத்திருந்தது.

“படம் வெந்து போச்சா அண்ணே?”

“போன்தான் வெந்துச்சு. படம் உள்ளுக்க இருக்கும். பாக்குறேன்.”

“அது இல்லாட்டி நான் என்னத்தச் சொன்னாலும் நம்ப மாட்டாங்க. பன்னியப் பொதைச்சுட்டாங்க. தொட்டியும் வெள்ளையா இருக்கு.”

ஞாயிற்றுக்கிழமை ராகலைக்குப் போனேன். போன் திருத்துகிற கடையில் இருந்த பயல் அதைப் பார்த்துவிட்டு, “இதென்னண்ணே, கருவாடா?” என்றான். ஆனாலும் கத்தியால் நெம்பி, நகத்தளவு ஒரு கறுப்புச் சில்லை வெளியே எடுத்தான். படமெல்லாம் அந்தக் கார்டில்தான் இருக்கும் என்றான். அதுவரைக்கும் அப்படி ஒன்று உள்ளே இருப்பதே எனக்குத் தெரியாது. அதைத் தன்னுடைய போனில் போட்டான். போன் இங்கிலீசில் ஏதோ கேட்டது. பட்டென்று ஒரு பொத்தானை அமத்தினான். சற்று நேரத்தில் முகம் மாறியது.

“என்னடா?”

“காலின்னு காட்டுதுண்ணே.”

“இப்ப என்னமோ கேட்டுச்சே, என்ன கேட்டுச்சு?”

“தெரியலண்ணே. யெஸ்ஸா நோவான்னுச்சு. யெஸ்னு அமத்தினேன்.”

“என்னன்னு தெரியாமலேயா?”

“நோன்னு அமத்துனா எதுவுமே திறக்காதுண்ணே. எப்பவும் யெஸ்தான்.”

அவன் கழுத்தைப் பிடித்திருப்பேன். ஆனால் தெரியாத காகிதத்துக்கெல்லாம் யெஸ் போட்டே வளர்ந்த கூட்டம் நாங்கள். நானே காயவைக்கிறேன் என்று வேகவைத்தவன். அவனை என்ன சொல்ல? ஹட்டனில் யாழ்ப்பாணத்து சார் ஒருவர் கம்பியூட்டர் வகுப்பு வைத்திருக்கிறார், அவரால் முடியலாம் என்று அவனே இடம் சொன்னான்.

செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போகாமல் பஸ் ஏறினேன். நுவரெலியாவுக்கு முன்னால் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். சண்டைக் காலம். என் பைக்குள் கையை விட்ட ஆமிக்காரன் சுருங்கிய போனைக் கண்டு இரண்டடி பின்னுக்குப் போய்த் துவக்கைத் திருப்பி, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான்.

“மொகத்த மே?”

“போன் எக, மஹத்தயா. தே டிரையர் எக்கே பிச்சுனா.”

தேயிலை டிரையரில் கருகிப்போனது என்று நான் சொன்னதை அவன் நம்பவில்லை. கிட்டே வந்து மோந்து பார்த்தான். தூள் வாசம் வந்திருக்க வேண்டும். ஒருதரம் சிரித்து, மற்றவனைக் கூப்பிட்டுக் காட்டினான். அவனும் மோந்து சிரித்தான். பஸ்ஸில் இருந்த ஐம்பது பேர் முன்னால் ஒரு முட்டாளாக நின்று கும்பிட்டுவிட்டு மறுபடி ஏறினேன். கார்டு என் இடுப்பில், வெற்றிலைப் பைக்குள் இருந்தது.

ஹட்டனில் அந்த சாரின் பெயர் சுகிர்தன். ஒல்லியான ஆள், மூக்குக் கண்ணாடி. நான் கதையைச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

“ஆர் அண்ணை உங்களுக்கு இதை அடுப்புக்குள்ள வைக்கச் சொன்னது?”

“அடுப்பு இல்லைங்க சார், டிரையர்.”

“பெரிய வித்தியாசம்தான்” என்றார். “சரி, அந்தப் பெடியன் அமத்தின பிறகு இந்தக் கார்டில வேற படம் ஒண்டும் எடுக்கேல்லையே?”

“இல்லைங்க. அப்படியே வச்சிருக்கேன்.”

“அப்ப பயமில்லை. அழிச்சுப்போட்டம் எண்டு நாங்கள் நினைக்கிறம். கார்டில அது அப்பிடியே கிடக்கும். அதுக்கு மேல வேறொண்டை எழுதினாத்தான் உண்மையா அழியும்.”

கம்பியூட்டரில் கார்டைச் செருகி ஏதோ ஓடவிட்டார். ஒரு பச்சைக் கோடு புழு மாதிரி நகர்ந்தது. ஒரு மணி நேரம். நான் பின்னால் நின்றேன். உட்காரச் சொன்னார், உட்கார முடியவில்லை. பிறகு சின்னச் சின்னப் பெட்டிகளாகப் படங்கள் வரத் தொடங்கின. மச்சானின் பிள்ளைகள் தீபாவளிக்குப் புதுச் சட்டையோடு. மச்சான் மீசையை முறுக்கிக்கொண்டு. யாருடையதோ மோட்டர் சைக்கிள். கடைசியில் பன்றி. மூன்று படம். கழன்ற காலும் உரிந்த தோலும் புழுவும் எல்லாம் தெளிவாக இருந்தன. சுகிர்தன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“சீ. இதையா குடிச்சனீங்கள்?”

“ஆமாங்க சார்.”

அவர் படத்தை அமத்தி அதன் தேதியைப் பார்த்தார். “இது பதினாலாந்தேதி எடுத்தது. பிள்ளை எண்டைக்குச் செத்தது?”

“பதினொண்ணு.”

“அப்ப இது பிறகு எடுத்ததெல்லோ அண்ணை. பிள்ளை செத்த பிறகுதான் பன்றி விழுந்தது எண்டு அவங்கள் சொன்னால்?”

கண்டாக்கையா அதைத்தான் சொல்லப்போகிறார். நேற்று ராத்திரி விழுந்தது என்று அன்றைக்கே சொல்லிவிட்டாரே. இத்தனை அலைந்து கிடைத்தது ஒரு செத்த பன்றியின் முகம்தான். சார் சும்மா இருக்காமல் மேலே கீழே உருட்டிக்கொண்டிருந்தார்.

“இதில இன்னும் ரெண்டு கிடக்கு. இது முந்தியே அழிச்ச படம் போல. எல்லாம் சேர்ந்து வந்திருக்கு.”

அதே தொட்டி. அதே மடங்கின தகரம். அதே பன்றி. ஆனால் முழுசாக இருந்தது. ஊதவில்லை. மூக்கு நுனியில் ரத்தம்கூட இன்னும் சிவப்பாகத் தெரிந்தது.

“தேதி?” என்றேன்.

“மூண்டாந்தேதி. காலமை எட்டு மணி.”

“போன்ல தேதி பிழையா இருக்குமா சார்?”

அவர் தீபாவளிப் படத்தை அமத்தினார். இருபத்தேழு என்று காட்டியது. தீபாவளி அன்றைக்குத்தான். பிழை இல்லை.

மூன்றாம் தேதியிலிருந்து பதினாலு வரை பதினொரு நாள். பழனியாண்டி பார்த்திருக்கிறார். படமும் எடுத்திருக்கிறார். எடுத்து அழித்துவிட்டு, தகரத்தை மேலே இழுத்துப் போட்டுவிட்டு, தினமும் காலையில் வால்வைத் திறந்து அந்தத் தண்ணியை எங்களுக்கு அனுப்பியிருக்கிறார். பிள்ளையைப் புதைத்தபோது முதல் கைப்பிடி மண்ணைப் போட்டது அவர்தான்.

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான், நானு ஓயா தாண்டி, பீலி ஞாபகம் வந்தது. நாகலெட்சுமியும் கொஞ்ச நாளாகத்தான் அங்கே போகிறாள்.

வீட்டில் பழனியாண்டியும் இருந்தார். எங்கே போனேன் என்று தெரிந்து வந்து காத்திருந்தார் போல. சார் போட்டோக் காகிதத்தில் எடுத்துக் கொடுத்த படத்தை அவர் மடியில் போட்டேன். கீழே தேதி இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நான்தான் அழிச்சுட்டேனே மாப்ள” என்றார்.

மன்னிப்பு இல்லை, மறுப்பு இல்லை. அழித்தது எப்படித் திரும்பி வந்தது என்ற ஆச்சரியம் மட்டும்தான் முகத்தில் இருந்தது.

“ஏன் மச்சான்?”

“கண்டாக்கையா மலை ஏற மாட்டாரேன்னு அவருக்குக் காட்டத்தான் எடுத்தேன். தொட்டிய எறைச்சுத் தூக்க நாலு ஆள் வேணும்னேன். பன்னி தூக்க ஆள் தர ஏலாது, அடுத்த கிழமை பாப்போம்னாரு. படத்த அழி, எவன்கிட்டயும் மூச்சு விட்டா நாளைக்கு நீ மண்ணு கொத்தப் போவன்னாரு.”

“அதுக்கு?”

“கொதிக்க வச்சுத்தானே எல்லாரும் குடிக்கிறாங்கன்னு நெனச்சேன்.”

“நனைஞ்ச வெறகுல எவன் மச்சான் கொதிக்க வைக்கிறான்? நீங்க வச்சீங்களா?”

பீலித் தண்ணி குடிக்கிற அவர் கொதிக்க வைக்க வேண்டிய அவசியமே இல்லை. நான் அடுப்படிப் பக்கம் திரும்பினேன்.

“நாகு, நீ எப்பலேருந்து பீலிக்குப் போற?”

அவள் கரண்டியைக் கழுவிக்கொண்டே இருந்தாள். கழுவின கரண்டியையே மறுபடியும் கழுவினாள்.

“அண்ணன் சத்தியம் வாங்கிக்கிருச்சு.”

“எனக்குக்கூடச் சொல்லல.”

“சொன்னா நீங்க சும்மா இருப்பீங்களா? போயி சத்தம் போடுவீங்க. அண்ணனுக்கு வேலை போயிரும்.”

“மீனம்மாவுக்காவது?”

“அவ வாயி நிக்காது. லயத்துக்கே தெரிஞ்சிரும்.” பிறகு அழ ஆரம்பித்தாள். “புள்ள சாகும்னு யாருக்குங்க தெரியும்?”

பதினொரு நாள் இரண்டு குடும்பம் மட்டும் நல்ல தண்ணி குடித்தது. அதில் ஒன்று என்னுடையது. நான் தேத்தண்ணி குடித்துவிட்டு, இன்றைக்கு ருசியாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். நடுவில் ஒரே ஒரு காம்பராச் சுவர். அந்தப் பக்கம் தனுஷிகா அழுத சத்தம் எங்களுக்குக் கேட்டது.

“வியாழக்கெழம மத்த மூணு படத்தக் குடுங்க மாப்ள. இது வேணாம்” என்றார் பழனியாண்டி. நாகலெட்சுமி என் காலைப் பிடிக்க வந்தாள். காலை இழுத்துக்கொண்டேன். அன்றைக்கு அவள் கை என் மேல் படுவதை என்னால் தாங்க முடியவில்லை.

வியாழக்கிழமை டிஸ்பென்சரியில் அதிகாரி வந்து உட்கார்ந்தார். சிங்கள ஆள், தமிழும் கொஞ்சம் பேசினார். ஒரு பக்கம் டிஸ்பென்சரி ஐயா, மறுபக்கம் கண்டாக்கையா. மீனம்மா நின்றாள். முதலில் மூன்று படத்தையும் கொடுத்தேன். நினைத்தபடியே கண்டாக்கையா விரலால் தேதியைத் தட்டினார்.

“பதினாலு, சேர். பிள்ளை செத்து மூணு நாளைக்குப் பொறகு. நான் சொன்னேனே.”

அதிகாரி பேனாவை எடுத்தார். நான் நாலாவது படத்தை வைத்தேன்.

அதிகாரி இரண்டு படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, தேதியை இரண்டு தரம் படித்தார். போன் யாருடையது என்று கேட்டார். பழனியாண்டியைக் கூப்பிட்டார்கள். வந்தவர் கண்டாக்கையாவைப் பார்த்தார். கண்டாக்கையா ஜன்னலைப் பார்த்தார். அந்தப் பார்வையில்தான் மச்சானுக்கு எல்லாம் விளங்கியிருக்க வேண்டும்.

“ஐயாகிட்டக் காட்டினேனுங்க. மூடி வைன்னாங்க.”

“என்கிட்ட ஒண்ணும் காட்டல, சேர். இவனுக்கு மலை ஏறச் சோம்பல்.”

“ஐயா! மோட்டர் சைக்கிள்ல உக்காந்துக்கிட்டே பாத்தீங்களே!”

இரண்டு பேரும் நாய் மாதிரிக் குரைத்துக்கொண்டார்கள். அதிகாரி போதும் என்று கையைக் காட்டினார். டிஸ்பென்சரி ஐயா எழுதிய வரியைப் பேனாவால் அடித்து, தொட்டித் தண்ணியால் வந்த நோய் என்று மேலே எழுதினார். கையெழுத்துப் போட்டு ஒரு பிரதியை மீனம்மாவிடம் கொடுத்தார். தொட்டி வேலை அன்றைக்கே பழனியாண்டியிடமிருந்து போனது. கண்டாக்கையாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகாது என்று எங்களுக்கு முன்பே தெரியும்.

வெளியே வந்ததும் மீனம்மா அந்த நாலாவது படத்தைக் கேட்டாள். கொடுத்தேன். தூறலில் நனையாமல் முந்தானைக்குள் பிடித்துப் பார்த்தாள்.

“மூணாந் தேதியாண்ணே?”

“ஆமா.”

“அந்தக் கெழமைதான் அண்ணி பீலிக்குப் போக ஆரம்பிச்சுச்சு. நான்கூட ஒரு நாள் ஒரு குடம் தண்ணி கேட்டேன், புள்ளைக்குப் பால் கரைக்க. பாதை சறுக்குது, ஒரு குடத்துக்கு மேல தூக்க ஏலாதுன்னுச்சு.”

படத்திலிருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

“நீங்க எந்தத் தண்ணிண்ணே குடிச்சீங்க?”

தெரியாமல் குடித்தேன் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மைதான். ஆனால் அவள் கேட்டது அதை இல்லை.

“பீலித் தண்ணி” என்றேன்.

அதிகாரி கொடுத்த காகிதத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். படத்தை என் கையில் திருப்பிக் கொடுத்தாள். கொடுத்த கையைச் சேலையில் இரண்டு தரம் துடைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் லயத்துக்கு இறங்கிப் போனாள்.